வேட்டையும் தேடுதலும்: ஒரு வழக்கின் சொற்கள்



இத்தொடரில் பேசுமாறு கழகத்தார் அழைத்தபோது, நாம் ஒலியனியல் பற்றியோ தோட்டப்புறத் தமிழின் வட்டாரக் கூறுகள் பற்றியோ பேசுவோம் என அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ வேட்டை. உரிமம் பெற்று, சட்டத்தின் எல்லைக்குள் நின்று வேட்டையாடுவோருக்கும், வேட்டையே கூடாது என்போருக்கும் இடையே பல நாடுகளில் நெடுங்காலமாகப் பூசல் நடந்துவருகிறது. அப்பூசலில் துப்பாக்கிக்கும் நாய்க்கும் இருக்கும் இடம் சொல்லுக்கும் உண்டு. அந்தச் சொற்களைத் தமிழில் தருவோர் நம் செய்தியாளரும் மொழிபெயர்ப்பாளருமே. அவர்களுள் ஒருவராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவர் என்ற முறையிலேயே இங்கு நிற்கிறோம்.

முதலில் ஒரு பழைய செய்தி. 1960களின் இறுதியில், பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றில் எம் தந்தையார் கிராணியாக இருந்தார். உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. புதிதாக நட்ட ரப்பர்க் கன்றுகளையும், லயத்துக்குப் பின்னால் தொழிலாளர் போட்டிருந்த மரவள்ளியையும் காட்டுப்பன்றிகள் இரவோடிரவாகக் கிளறிப் போட்டுவிடும். மாதத்தில் இரண்டு மூன்று இரவு தந்தையார் துப்பாக்கியோடு போவார். அடுத்த வீட்டில் இருந்த முதியவர் வள்ளலார் வழி நின்றவர். திண்ணையில் அமர்ந்தபடி, "என்ன தம்பி, கொலைக்குப் பொறப்பட்டாச்சா?" என்பார். "காவலுக்குப் போறேண்ணே," என்பார் தந்தையார். இருவரும் வேட்டை என்ற சொல்லைப் பயன்படுத்தியதே இல்லை. ஒருவருக்கு அது கொலை. மற்றவருக்கு அது காவல். ஒருநாள் இந்தக் கேள்வி சற்று உரக்க, கூலியாட்கள் முன்னிலையில் வந்துவிட்டது. அதன்பின் இரு வீடும் ஏறத்தாழ ஓராண்டு பேசிக்கொள்ளவில்லை. எமக்கு அப்போது பத்து வயது. ஒரே செயலுக்கு இரண்டு பெயர் இருக்கலாம் என்பதையும், அதற்காக மனிதர் முகங்கொடாமல் இருக்கலாம் என்பதையும் அங்கேதான் கற்றோம்.

இந்தப் பூசல் மிகக் கூர்மையாக வெளிப்பட்ட நாடு இங்கிலாந்து. அங்கே 'ஹண்டிங்' என்றால் பெரும்பாலும் குதிரையேறி, நாய்க்கூட்டத்தை விட்டு நரியையோ முயலையோ கலைமானையோ துரத்துவது. துப்பாக்கியால் பறவை சுடுவது 'ஷூட்டிங்'. மானைப் பதுங்கிச் சென்று சுடுவது 'ஸ்டாக்கிங்'. அமெரிக்காவில் இவை அனைத்தும் 'ஹண்டிங்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கும். ஆங்கிலம் ஒரே மொழி என்று எண்ணி மொழிபெயர்ப்பவர் முதலில் வழுக்கி விழும் இடம் இது.

நரி வேட்டையாளருக்கென்று ஒரு குழூஉக்குறியே உண்டு. அவர்கள் தம் நாயை 'டாக்' என்று சொல்லமாட்டார்கள், அது 'ஹவுண்ட்'. அவற்றை ஒன்று இரண்டு என எண்ணாமல் இணை இணையாக எண்ணுவார்கள். நரியின் வால் 'பிரஷ்', அதன் தலை 'மாஸ்க்', பாதம் 'பேட்'. ஓர் உயிரின் உறுப்புகளுக்குப் பொருள்களின் பெயரை இடுவது தற்செயலா என்று எதிர்ப்பாளர் கேட்கிறார்கள். தொழிலுக்குரிய மரபுச் சொல் எல்லாத் தொழிலிலும் இருப்பதுதானே என்று வேட்டையாளர் விடையிறுக்கிறார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. வேட்டைக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஃபீல்டு ஸ்போர்ட்', அதாவது வெளிப்புற விளையாட்டு. எதிர்ப்பாளர் இட்ட பெயர் 'பிளட் ஸ்போர்ட்', குருதி விளையாட்டு. கொடிய விளையாட்டுகளுக்கு எதிரான இயக்கம் அங்கே 1924இல் தோன்றியது. வேட்டைக் களத்துக்கே சென்று அதனைக் குலைக்கும் குழுவினர் 1963இல் அமைப்பாயினர். வேட்டையாளர் அவர்களைச் சுருக்கமாக 'ஆன்டி' என்பர், வெறும் முன்னொட்டை மட்டும் கொண்டு. எதை எதிர்ப்பவர் என்பதைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை என்ற நிலைக்குப் பூசல் முற்றியிருந்தது.

அரசு அமைத்த பர்ன்ஸ் பிரபு தலைமையிலான குழு 2000ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. அவ்வறிக்கை வேட்டையைக் கொடுமை என்று கூறவில்லை. துரத்திக் கொல்லப்படும் நரியின் நலனுக்கு அது பெருங்கேடு விளைக்கிறது என்னும் பொருள்பட, மிக அளந்து ஒரு தொடரை அமைத்தது. எதிர்ப்பாளர் அத்தொடரை எடுத்துக்கொண்டு, கொடுமை என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது என்றனர். அடுத்த ஆண்டு பிரபுக்கள் அவையில் பர்ன்ஸ் அவர்களே எழுந்து, குழு வேட்டையைக் கொடுமை என்று சொல்ல வந்ததாகக் கொள்ளலாகாது என விளக்க வேண்டியதாயிற்று. சொல்லாத சொல்லுக்கு விளக்கம் கூற நேர்ந்த அறிக்கைகள் உலகில் அதிகம் இரா.

2002 செப்டம்பர் 22 அன்று ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் இலண்டனில் பேரணி சென்றார்கள். அப்பேரணியின் பெயர் 'உரிமையும் வாழ்வாதாரமும்' என்று பொருள்படும். நரி என்ற சொல் அதில் இல்லை, வேட்டையும் இல்லை. இருந்தும், 2004 நவம்பர் 18 அன்று வேட்டைச் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. பிரபுக்கள் அவை இசையாததால், மக்களவையின் முடிவே மேலோங்க வழிசெய்யும் 1911, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களைக் கொண்டு அது நிறைவேறியது. 2005 பிப்ரவரி 18 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறைக்கு வந்தது.

இனி நம் துறைக்கு வருவோம். இச்சட்டத்தில் நாய் என்பதற்கு 'டாக்' என்ற பொதுச்சொல்லே உண்டு. வேட்டையாளரின் 'ஹவுண்ட்' இல்லை. சட்டம் அவர்களுடைய மொழியில் பேச மறுத்துவிட்டது என்றே இதனைக் கொள்ளலாம். எலிக்கும் முயலுக்கும் வேறு விதி. அவற்றை நாய் கொண்டு வேட்டையாடலாம். ஆனால் குழிமுயல் வேறு, பெருமுயல் வேறு, பெருமுயலுக்குக் காப்பு உண்டு. இரண்டு நாய்களுக்கு மேற்படாமல் விட்டு, விலங்கை மறைவிடத்திலிருந்து கிளப்பி, உடனே சுட்டுவிடலாம். ஆகவே விலக்கப்பட்டது கொல்லுதல் அன்று. கொல்லும் முறைகளுள் ஒன்று. இதனை எத்தனை தமிழ்ச் செய்திகள் 'இங்கிலாந்தில் வேட்டைக்குத் தடை' என்று மூன்று சொல்லில் முடித்தன என்று எண்ணிப் பாருங்கள்.

வேட்டையாடுதல் என்றால் என்ன? சட்டம் அதற்கு முழு வரையறை தரவில்லை. விலங்கைத் துரத்துவதில் ஒருவர் ஈடுபடுவதும் அத்துரத்தலில் நாய் பயன்படுவதும் வேட்டையாடுதலில் அடங்கும் என்று மட்டும் கூறிற்று. எக்ஸ்மூர் பகுதியைச் சேர்ந்த வேட்டைக்காரர் ஒருவர்மீது வந்த வழக்கையொட்டி, 2009இல் உயர்நீதிமன்றம் ஒரு வினாவுக்கு விடை காண வேண்டியிருந்தது. நரி இன்னும் கண்ணிற்படவில்லை. இருக்கிறதா என்றே தெரியாது. நாய்களை விட்டுப் புதரில் தேடுகிறார்கள். இத்தேடல் வேட்டையாடுதல் ஆகுமா? ஆகாது என்று தீர்ப்பாயிற்று. எந்த விலங்கு என்று தெரிந்தபின் அதனைத் தொடர்வதுதான் இச்சட்டத்தின் நோக்கில் வேட்டையாடுதல். இன்னும் காணாததைத் தேடுவது அன்று.

இத்தீர்ப்பைப் படித்தபோது நாம் நெடுநேரம் அதனையே எண்ணிக்கொண்டிருந்தோம். ஏனெனில் தமிழில் இத்தீர்ப்பைச் சொல்வது எளிதன்று. நம் நாளேடுகளைப் புரட்டுங்கள். கொள்ளையன் தப்பிவிட்டான், காவல்துறை தேடுதல் வேட்டையில் இறங்கியது. ஆங்கில நீதிமன்றம் வேறு வேறு என்று பிரித்து வைத்த இரண்டையும் நாம் ஒரே தொடராகக் கட்டி வைத்திருக்கிறோம்! வாக்கு வேட்டை, வசூல் வேட்டை, பரிசு வேட்டை என்று வருவனவற்றிலும் முனைப்போடு தேடுவதும் திரட்டுவதுமே முதன்மை, கொல்லுதல் இல்லை. பழைய வழக்கிலும் இச்சொல் அகன்றதே. சங்கப் பாடல்களில் பரதவர் கடலில் மீன் கொள்வதும் வேட்டம் எனப்படும். வேட்டம் என்பதற்கு விருப்பம் என்ற பொருளும் அகராதிகளில் உண்டு. வேட்கையும் வேட்டையும் ஒரே வேரினவா என்பதில் அவசரப்பட்டு முடிவு கூற நாம் விரும்பவில்லை. அழகான சொற்பிறப்பு பெரும்பாலும் ஐயத்துக்குரிய சொற்பிறப்பாகவே இருக்கும் என்பது எம் ஆசிரியர் அடிக்கடி சொல்லும் எச்சரிக்கை.

மலாய் மொழி இதற்கு மாறானது. 'புரு' என்ற அடிச்சொல்லில் துரத்தலும் விரைவும் மேலோங்கி நிற்கின்றன. 'தெர்புரு-புரு' என்றால் அவசர அவசரமாக என்று இங்குள்ள குழந்தைக்கும் தெரியும். அந்தத் தீர்ப்பை மலாயில் சொன்னால் கேட்பவருக்கு உடனே விளங்கும். தமிழில் சொன்னால், தேடுவதும் வேட்டைதானே என்று கேட்பார். நம் மொழியின் குறை என்று இதனைக் கருத வேண்டா. ஆனால் மொழிபெயர்ப்பாளர் இவ்விடத்தில் நின்று, துரத்துதல் என்ற சொல்லைத் தனியே எடுத்து வைக்காவிட்டால், வாசகருக்கு வழக்கே விளங்காது.

தடைக்குப் பின் வேட்டைக் குழுக்கள் கலைந்துவிடவில்லை. 'டிரெயில் ஹண்டிங்' என்ற பெயர் பரவியது. விலங்கின் மணமுள்ள பொருளைத் தரையில் இழுத்துச் சென்று ஒரு தடம் இடுவார்கள். நாய்கள் அதனைப் பின்பற்றும். உயிருள்ள விலங்கு எதுவும் துரத்தப்படுவதில்லை என்பது அவர்கள் கூற்று. தடத்தை மோந்து ஓடும் பந்தயம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே வேறு பெயரில் உண்டு. அதில் செயற்கை மணம் இடுவர், வழியும் திட்டமிட்டது. புதிய முறையிலோ நரியின் மணமே இடப்படுகிறது, நரி வாழும் இடங்களின் வழியே. இது உண்மையான வேட்டைக்குத் திரை என்று எதிர்ப்பாளர் படக்கருவியோடு பின்தொடர்ந்தனர். சட்டத்தைப் பின்பற்றும் எங்களைக் குற்றவாளிகள்போல் நடத்துகிறார்கள் என்று வேட்டையாளர் முறையிட்டனர். நேஷனல் டிரஸ்ட் என்னும் பாதுகாப்பு அமைப்பின் உறுப்பினர்கள் 2021இல் தம் நிலங்களில் இம்முறை கூடாதென வாக்களித்தனர். ஸ்காட்லாந்து 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் இதனை விலக்கியது. இங்கிலாந்திலும் விலக்குவோம் என்று தொழிற்கட்சி 2024 தேர்தல் அறிக்கையில் கூறிற்று.

எம் கருத்தைக் கேட்டால், நரியின் மணத்தையே இட வேண்டும் என்ற பிடிவாதம் எமக்கு ஐயத்தைத் தருகிறது. விலங்கில்லாத வேட்டை மனிதருக்குப் புதிதன்று. விசயதசமி அன்று நம் கோயில்கள் சிலவற்றில் நடக்கும் பரிவேட்டையைப் பார்த்திருப்பீர்கள். இறைத்திருவுரு குதிரை வாகனத்தில் எழுந்தருளும், அம்பு எய்யப்படும், எவ்வுயிரும் வீழ்வதில்லை. வேட்டை என்ற சொல்லும் நிற்கிறது, ஆரவாரமும் நிற்கிறது. அங்கே எவரும் கோயிலின்மீது ஐயுறுவதில்லை, ஏனெனில் அம்பு செல்லும் வழியில் மான் நிற்பதற்கு இடமே இல்லை.

அமெரிக்காவுக்கு ஒரு நொடி சென்று வருவோம், அங்கே பூசல் வேறொரு வடிவெடுத்தது. வேட்டையாளருக்கு இடையூறு செய்வதைக் குற்றமாக்கும் சட்டம் இன்று ஐம்பது மாநிலங்களிலும் உண்டு. கனெக்டிகட் மாநிலம் அத்தகைய சட்டத்தை 1985இல் இயற்றியது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில், நீர்ப்பறவை வேட்டைக்கு வந்தவர்களிடம் ஒரு பெண்மணி சென்று பேசினார். பறவைகளின் அழகைச் சொன்னார்; சுடுவதன் கொடுமையைச் சொன்னார். துப்பாக்கியைப் பறிக்கவில்லை, பறவையை விரட்டவில்லை. அவர் கைதானார். குற்றச்சாட்டுப் பின்னர் கைவிடப்பட்டது. அவரோ சட்டத்தையே எதிர்த்து வழக்கிட்டு, 1988இல் வென்றார். அச்சட்டம் வேட்டையில் மட்டுமன்றி வேட்டைக்கான ஆயத்தத்திலும் தலையிடுவதைத் தடுத்தது. ஆயத்தம் என்றால் எதுவரை? பொருள் வாங்குவதும், உண்பதும், பயணத்தின் நடுவே உறங்குவதும்கூட ஆயத்தமாகலாமே என்று மேல்முறையீட்டு மன்றம் சுட்டிக்காட்டியது. சொல்லின் எல்லை இவ்வளவு அகலமாயிருந்தால், உணவுக்கடையில் வேட்டைக்காரரிடம் வாதிடுவதும் குற்றமாகிவிடும். வேட்டையாளரின் உரிமையைக் காப்பதில் நமக்கு மறுப்பில்லை. அவர்களும் சட்டப்படி நடப்பவரே. ஆயினும் அவரிடம் ஒருவர் பேசும் உரிமையை ஒரு தளர்ந்த சொல் விழுங்கிவிட இருந்ததை அந்த மன்றம் தடுத்தது.

அந்நாட்டு வனவிலங்குத் துறையினர் வேட்டையில் வீழ்ந்தவற்றை 'ஹார்வெஸ்ட்', அறுவடை என்று கணக்கெழுதுவது வழக்கம். 1973ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினச் சட்டத்திலோ 'டேக்', எடுத்தல் என்ற சொல் உண்டு. தொல்லை தருதல், துரத்தல், சுடுதல், காயப்படுத்தல், கொல்லுதல், பிடித்தல் யாவும் அதில் அடக்கம். முன்னது மறைக்கும் சொல். பின்னது, தோற்றத்தில் மென்மையாயினும், எதுவும் தப்பிவிடாதபடி விரித்த வலை.

இப்போது நம் வீட்டுக்குத் திரும்புவோம். தமிழ் மரபில் இருதரப்பும் நெடுங்காலமாக உள்ளன. வள்ளுவர் புலான்மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். சேக்கிழார் வேட்டுவராகிய கண்ணப்பரை நாயன்மாருள் ஒருவராகப் பாடினார். சிலப்பதிகாரத்தில் வேட்டுவ வரி தனியொரு காதை. ஆகவே வேட்டையாளரை இழித்தும் எதிர்ப்பாளரைப் பழித்தும் பேசத் தமிழ்மரபைத் துணைக்கழைப்பது இருசாராருக்கும் எளிது. நாம் அதனைச் செய்யப்போவதில்லை.

2012ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கப் பகுதியில் பெருகிய காட்டுப்பன்றிகளை என் செய்வது என்ற விவாதம் எழுந்தது நினைவிருக்கும். அப்போது ஆங்கிலத்தில் அடிபட்ட சொல் 'கல்'. மந்தையிலிருந்து சிலவற்றைத் தெரிந்தெடுத்துக் கொன்று எண்ணிக்கையைக் குறைப்பது என்பது பொருள். அதற்குப் பின் சில ஆண்டுகள் கழித்து, கலைச்சொற் குழு ஒன்றில் இதற்குத் தமிழ் காணும் பொறுப்பு எம்மிடம் வந்தது. நாம் 'எண்ணிக்கைக் கட்டுப்பாடு' என்று எழுதினோம். குழுவில் இருந்த பள்ளி ஆசிரியை ஒருவர் கையுயர்த்தி, "ஐயா, இதில் பன்றி சாகிறதா இல்லையா?" என்று கேட்டார். அனைவரும் சிரித்தோம். அச்சொல் அப்படியே ஏற்கப்பட்டது. நாம் செய்த தவறு அது என்று இன்று இம்மேடையில் ஒப்புக்கொள்கிறோம். கருத்தடை ஊசி போடுவதும் எண்ணிக்கைக் கட்டுப்பாடுதான். வேறிடத்துக்கு மாற்றுவதும் அதுவே. கொல்லலாமா வேண்டாமா என்பதே விவாதமாக இருந்தபோது, கொல்லுதலை வெளியே தள்ளிய ஒரு சொல்லைத் தந்தோம்.

அப்படியாயின் 'கொலை' என்று எழுதலாமா? அதுவும் நேர்மையாகாது. இங்கே தமிழ் நமக்கு ஒரு நுட்பமான வேறுபாட்டைத் தந்திருக்கிறது. 'பாம்பைக் கொன்றான்' என்பது இயல்பான தொடர். 'பாம்பைக் கொலை செய்தான்' என்றால் கேட்பவர் புருவம் நெரிப்பார். கொல் என்னும் வினை எவ்வுயிருக்கும் பொது. கொலை என்னும் பெயரோ இன்றைய வழக்கில் பெரும்பாலும் மனிதர்க்கு உரியதாகி, குற்றச்சாட்டையும் உடன் சுமந்து வருகிறது. அடுத்த வீட்டு முதியவர் இந்த வேறுபாட்டை நன்கறிந்தே 'கொலைக்கு' என்றார். 'பன்றியக் கொல்லப் போறியா?' என்று கேட்டிருந்தால், தந்தையார் 'ஆமாண்ணே' என்று சொல்லிவிட்டு நடந்திருப்பார் என்பது எம் துணிபு. ஆகவே செய்தி எழுதுவோர்க்கு நாம் முன்வைப்பது 'கொன்று குறைத்தல்'. நீளமான சொல்தான், ஆனால் இருசாராரும் மறுக்க இயலாத சொல்.

உரிமம் பெற்றவரையும் திருட்டு வேட்டைக்காரரையும் ஒரே 'வேட்டைக்காரர்' என்ற சொல்லால் குறிப்பதையும் நாம் விடவேண்டும். தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் பெற்று வேட்டையாடுவோர் ஒருவகை. அதே சட்டத்தின் ஆறாம் அட்டவணையிலுள்ள விலங்குகளைத் தம் குடும்ப உணவுக்காக வேட்டையாடும் ஒராங் அஸ்லி மக்கள் இன்னொருவகை. கண்ணி வைத்துப் புலியைப் பிடிப்போர் முற்றிலும் வேறு. மலாய் ஏடுகள் 'பெம்புரு' என்றும் 'பெம்புரு ஹராம்' என்றும் பிரித்தெழுதுகின்றன. நாமும் உரிம வேட்டையாளர், வாழ்வாதார வேட்டையாளர், கள்ள வேட்டையாளர் எனப் பிரிக்கலாம். வேட்டையை எதிர்ப்போர் மூவரையும் எதிர்க்கட்டும், அல்லது ஒருவரை மட்டும் எதிர்க்கட்டும். யாரை எதிர்க்கிறார் என்பது செய்தியில் தெரிந்தாக வேண்டும்.

அந்த ஓராண்டு மௌனம் எப்படி முடிந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் கேட்பீர்கள். முதியவர் வீட்டுப் பின்புற மரவள்ளியை ஓரிரவு பன்றிகள் முழுதாகத் தோண்டிவிட்டன. மறுநாள் மாலை அவர் எங்கள் வாயிலில் வந்து நின்றார். "தம்பி, அதுங்கள வெரட்டி விடணும்," என்றார். தந்தையார் சற்று நேரம் அவரையே பார்த்தார். "வெரட்டுறேண்ணே," என்றார். அன்றிரவு இரண்டு வெடிச் சத்தம் கேட்டது. முதியவர் மூன்று நாள் திண்ணைக்கு வரவில்லை. நான்காம் நாள் வந்தார். தந்தையாரிடம் மழையைப் பற்றிப் பேசினார். அவ்விருவரும் அந்த 'வெரட்டி' என்ற சொல்லைப் பற்றிப் பின்னர் ஒருபோதும் பேசியதாக எமக்கு நினைவில்லை.

'டிரெயில் ஹண்டிங்' என்பதற்குத் தமிழ் இன்னும் எமக்குக் கிடைக்கவில்லை. 'தட வேட்டை' என்றால் வேட்டையாளர் பக்கம் சாய்கிறது. 'போலி வேட்டை' என்றால் எதிர்ப்பாளர் பக்கம். 'மணத்தடம் பின்பற்றல்' என்று எழுதிப் பார்த்தோம், செய்தித் தலைப்புக்குள் அடங்கவில்லை. அரங்கில் இதழாசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். கேள்வி நேரத்தில் உங்கள் சொற்களைக் கேட்க விழைகிறோம்.